சீசனுக்கு முன் பாய்ப்படகு கிளப்பைத் தயார் செய்வது: எதை முதலில் தொடுவது?

வாடைக்காற்று (புதுச்சேரி) கேட்டது:

வணக்கம். அரியாங்குப்பம் ஆற்றோரம் ஷெட் போட்டிருக்கும் சின்ன கிளப் எங்களுடையது. இருபது பேர் இருக்கிறோம். அதில் படகைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் நாலு பேர்தான். ஐப்பசி மழை பிடித்ததும் எல்லாவற்றையும் தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று. பொங்கல் முடிந்து வரும் ஞாயிறு முதல் ஓட்டம். வேலைக்கு மிஞ்சியிருப்பது அதற்கு முந்தைய இரண்டு ஞாயிறு.

இருப்பு: ஆப்டிமிஸ்ட் (சிறுவர் படகு) 6, லேசர் 4 (ஒருவர் ஓட்டும் படகு; இப்போது ஐ.எல்.சி.ஏ. என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் லேசர்தான்), ஹோபி 16 (இரட்டை உடல் படகு) ஒன்று, மீட்புக்கு 18 அடி ஃபைபர் படகு, அதில் 25 எச்.பி. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்).

தெரிந்த கோளாறுகள்: ஒரு லேசரைத் தூக்கி ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிறது. ஒரு ஆப்டிமிஸ்ட்டின் மூக்கில் நாலு அங்குல விரிசல். எஞ்சின் அக்டோபரில் ஓடியதோடு சரி, அரை டாங்க் பெட்ரோல் அப்படியே நிற்கிறது.

வேலையை எந்த வரிசையில் பிரிப்பது? புதியவர்களிடம் எதைக் கொடுக்கலாம், எதைத் தொடவே விடக்கூடாது? நம் கரைக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

---

அமரம்:

ஞாயிறு காலை இருபது பேரும் ஒன்றாக வந்து ஆளுக்கொரு துணியோடு நின்றால், மதியம் பிரியாணி சாப்பிட்டுக் கலைவதுதான் நடக்கும். எந்த வேலை கஷ்டம் என்று பார்த்து வரிசை போடாதீர்கள். எது காய வேண்டும், எது இறுக வேண்டும், எதற்குச் சாமான் வர வேண்டும் என்று பாருங்கள். அந்த மூன்றையும் இன்றைக்கே தொடங்கிவிட்டால் கழுவித் துடைப்பதற்கு ஒரு ஞாயிறு தாராளம்.

முதல் ஞாயிறு வரை காத்திருக்காமல் இந்த வாரத்திலேயே ஒரு மாலை இரண்டு பேர் போய், தார்ப்பாயை எடுத்து, எல்லாப் படகின் டிரெயின் பிளக்கையும் இன்ஸ்பெக்‌ஷன் மூடியையும் திறந்து வைத்துவிடுங்கள். சலசலக்கும் லேசரின் அணியத்தை (முன்பக்கம்) உயர்த்தி, அமரத்தில் (பின்பக்கம்) உள்ள பிளக் துளை வழியே நீரை வடியுங்கள். வடிந்ததும் இன்ஸ்பெக்‌ஷன் துளைக்கு நேராக ஒரு டேபிள் ஃபேனை வைத்து நாலைந்து நாள் ஓட விடுங்கள். மூடி வைத்து வெயிலில் காயப் போடுவது வேண்டாம். உள்ளே ஈரம் ஆவியாகி, ராத்திரி குளிர்ந்ததும் மறுபடி அங்கேயே துளி கட்டும்.

காய்ந்ததா என்பதை எடை சொல்லும். வீட்டு எடை மெஷின் இரண்டை அணியத்துக்கு ஒன்று, அமரத்துக்கு ஒன்று வைத்து, இரண்டையும் கூட்டுங்கள். லேசரின் வெற்றுடல் சுமார் 59 கிலோ. பழைய படகில் ரிப்பேர் பூச்சு சேர்ந்து ஒன்றிரண்டு கிலோ கூடியிருக்கலாம், அதனால் மற்ற மூன்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாலு கிலோ அதிகம் என்றால் உள்ளே இன்னும் நாலு லிட்டர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, எங்கே நுழைகிறது? முதல் சந்தேகம் எப்போதும் பாய்மரம் நிற்கும் குழி. அதில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். அடிமரத்தை (பாய்மரத்தின் கீழ்த்துண்டு) இறக்கி முன்னும் பின்னுமாக அசைத்து, வட்டமாகவும் திருகிவிட்டு எடுங்கள். பத்து நிமிடம் கழித்து மட்டம் இறங்கியிருந்தாலோ குமிழி வந்தாலோ குழியின் அடி ஒட்டு விட்டுவிட்டது. அந்தப் படகு இந்த சீசன் தண்ணீருக்குப் போகக்கூடாது. நல்ல காற்றில் பாய்மரம் டெக்கைக் கிழித்துக்கொண்டு சாயும், அதன் பிறகு ரிப்பேர் செய்ய ஒன்றும் மிஞ்சாது.

குழி நன்றாக இருந்தால் சோப்பு நுரை. பாத்திர சோப்பைக் கரைத்து டெக்கும் உடலும் சேரும் விளிம்பு, பெய்லர் (படகில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் வால்வு), சுக்கான் பிடிக்கும் இரும்பின் ஸ்க்ரூக்கள், டேகர்போர்டு (படகுக்கடியில் இறக்கும் பலகை) பெட்டியின் ஓரம் எல்லாம் பிரஷ்ஷால் தடவி, பிளக் துளையில் ரப்பர் குழாய் வைத்து வாயால் ஊதுங்கள். வாயால் மட்டும். யாராவது பஞ்சர் கடை கம்ப்ரஸரைக் கொண்டுவந்தால் தடுத்து நிறுத்துங்கள், விளிம்பு ஒட்டு பிளந்துவிடும். ஊத ஆள் இல்லையென்றால், நிழலில் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் படகைக் கொஞ்ச நேரம் வெயிலுக்கு நகர்த்துங்கள். உள்காற்று தானே விரிந்து குமிழி காட்டும்.

இன்னொன்று. லேசரின் மேல்மரம் அலுமினியமாக இருந்தால் பிளாஸ்டிக் வளையத்தைப் பிடிக்கும் ரிவெட்டைச் சுற்றி நகத்தால் வருடிப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. மரம் ஒடிவது பெரும்பாலும் அந்தத் துளையில்தான். மாட்டும்போது ரிவெட் பின்பக்கம், அதாவது பாய்ப் பக்கம், வரட்டும். காற்றில் மரம் வளையும்போது முன்பக்கம் இழுபடும், பின்பக்கம் அமுங்கும். துளை இழுபடும் பக்கம் இருக்கக்கூடாது.

---

ரெசின்வாளி:

விரிசலைப் பற்றி நான் சொல்கிறேன். மூக்கு ஒற்றைத் தோல், அதனால் வேலை சுலபம். முதலில் ஒரு ரூபாய் நாணயத்தால் விரிசலைச் சுற்றித் தட்டுங்கள். நல்ல இடத்தில் ‘டிக்’கென்று கேட்கும். ‘தொப்’பென்று கேட்கும் இடமெல்லாம் உரிந்துபோன இடம், பென்சிலால் வட்டம் போடுங்கள். நாலு அங்குல விரிசலுக்கு ஏழெட்டு அங்குல வட்டம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அந்த வட்டம் முழுக்க 80 நம்பர் தாளால் தேய்த்துச் சரிவாக்க வேண்டும். கணக்கு இது: தடிமன் 3 மி.மீ. என்றால் சரிவு அதைப் போல் 12 மடங்கு, அதாவது 36 மி.மீ. ஒவ்வொரு பக்கமும். பலர் விரிசலை மட்டும் கீறி அதில் பட்டியை அடைத்துவிடுகிறார்கள். பட்டிக்கு இழுவை தாங்கும் நார் கிடையாது. முதல் முறை கரையில் முட்டியதும் அதே கோட்டில் திறக்கும். தேய்க்கும்போது மாஸ்க், முழுக்கை சட்டை. கண்ணாடித் தூள் வேர்வையோடு சேர்ந்தால் ராத்திரி தூக்கம் போச்சு.

தேய்த்ததும் நல்ல தண்ணீரால் கழுவி (உப்பு போக), இரண்டு நாள் காய வைத்து, அசிட்டோனால் துடையுங்கள். உள்பக்கத்தில் முதலில் 450 கிராம் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) இரண்டு அடுக்கு, பிறகு வெளிப்பக்கச் சரிவை நிரப்ப இரண்டு அல்லது மூன்று. ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிடக் கொஞ்சம் சிறிதாகவோ பெரிதாகவோ இருக்கட்டும், எல்லா ஓரமும் ஒரே கோட்டில் முடியக்கூடாது. 100 கிராம் மேட்டுக்கு 200 முதல் 250 கிராம் ரெசின். அதற்கு மேல் போனால் பலம் கூடாது, நொறுங்கும் தன்மைதான் கூடும்.

கேடலிஸ்ட் (ரெசினை இறுக வைப்பது) 1.5 சதவீதம். 200 கிராம் ரெசினுக்கு 3 கிராம், சிரிஞ்சில் ஏறக்குறைய 2.6 மி.லி. இந்த நாட்களின் பகல் சூட்டில் கால் மணி நேரம் போலக் கைக்கு அடங்கும், அதனால் 200 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். டம்ளரில் விடாமல் அகலமான தட்டில் ஊற்றி வேலை செய்யுங்கள். குறுகிய பாத்திரத்தில் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். விடிகாலைப் பனியில் வேண்டாம், காலை பத்திலிருந்து மூன்று மணிக்குள் முடியுங்கள்.

இதில் எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. கடையில் ரெசின், கோபால்ட், கேடலிஸ்ட் என்று மூன்று புட்டியாகக் கொடுத்தால், கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுதாகக் கலக்க வேண்டும், அதன் பிறகுதான் கேடலிஸ்ட். கோபால்ட்டும் கேடலிஸ்ட்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினாகவே கேட்டு வாங்கிவிடுங்கள், வம்பே இல்லை. கேடலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாதவர் புட்டியைத் தொட வேண்டாம். புதியவர்களிடம் தேய்ப்பைக் கொடுங்கள், கலப்பதைக் கொடுக்காதீர்கள்.

மேலே ஜெல்கோட் (வெளிப்புறப் பளபளப்புப் பூச்சு) பூசினால் காற்றுபட்ட முகம் பிசுபிசுவென்றே நிற்கும். பாலித்தீன் தாளை மேலே ஒட்டி காற்றை வழித்து விடுங்கள், மறுநாள் உரித்தால் கட்டியாகியிருக்கும். எபாக்சியால் ஒட்டலாமா என்று யாராவது கேட்பார்கள். ஒட்டலாம், நன்றாகவே பிடிக்கும், ஆனால் அதன் மேல் இந்த ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது. பெயின்ட்தான் அடிக்க வேண்டியிருக்கும்.

---

ஓ.டி.காரன் (கடலூர்):

மேல ரெண்டு பேரும் படகைப் பத்திச் சொல்லிட்டாங்க. என் கணக்குல எஞ்சின்தான் முதல். மீட்புப் படகு கிளம்பலன்னா மத்த பதினோரு படகும் ஷெட்லதான் இருக்கணும்.

டாங்க்ல நிக்கிற பெட்ரோலை மொத்தமா வெளிய எடுத்துடுங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம். மூணு மாச மழை ஈரத்தை அது உறிஞ்சி, தண்ணியும் எத்தனாலும் பிரிஞ்சு அடியில உக்காந்திடும். டியூப் உறிஞ்சுறது அடியில இருந்துதானே. கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு அஞ்சு நிமிஷம் வச்சுப் பாருங்க, நடுவுல ஒரு கோடு தெரிஞ்சா அதான் விஷயம். கார்பரேட்டர் கிண்ணத்து அடி ஸ்க்ரூவையும் கழட்டி வடிச்சிடுங்க. கை பம்ப் பல்பை அமுக்கிப் பாருங்க, வெடிப்பு இருந்தாலோ கல்லாட்டம் இருந்தாலோ ஓஸோட சேத்து மாத்துங்க.

புது பெட்ரோலுக்கு 50க்கு 1. லிட்டருக்கு 20 மி.லி., பத்து லிட்டருக்கு 200 மி.லி. ஆயில் டப்பாவுல டி.சி.டபிள்யூ. 3ன்னு போட்டிருக்கணும், ஸ்கூட்டர் டூ-டி ஆயில் வேணாம். உங்க மாடல் புக்குல வேற அளவு போட்டிருந்தா புக்குதான் சரி. ஒரு வாரத்துக்கு ஆகுறதை மட்டும் கலந்து வைங்க.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி தண்ணி துப்புற துளையைப் பாருங்க. நம்ம ஊர்ல மழைக்காலத்துல நிறுத்துன எஞ்சின்ல குளவி மண்கூடு கட்டாம இருந்தாதான் அதிசயம். வெளிய சின்னதா மண் பொட்டு மாதிரி தெரியும், உள்ள ரெண்டு அங்குலம் அடைச்சிருக்கும். கம்பி விட்டுக் குத்தாதீங்க. தடி தூண்டில் நரம்பை விட்டுச் சுத்துங்க, மண்ணு பொடியா வந்துடும். அப்புறம் 200 லிட்டர் டிரம்ல எஞ்சினை இறக்கி, பம்ப் முழுகுற அளவு தண்ணி ஊத்தி, பத்து நிமிஷம் ஓட்டுங்க. வெறும்ன ஒரு நிமிஷம்கூட ஓட்டக் கூடாது, இம்பெல்லர் (தண்ணி பம்ப்புக்குள்ள சுத்துறது) ரப்பர் கருகிடும். துப்புற தண்ணி நூலா வந்தா இம்பெல்லரை மாத்துற நேரம்.

கியர் ஆயில்: கீழ் ஸ்க்ரூவை லேசாத் திறந்து கொஞ்சம் விரல்ல எடுங்க. கறுப்பா இருந்தா பழசு, மாத்துங்க. பால் காபி நிறத்துல இருந்தா தண்ணி போகுது. புதுசு ஊத்தும்போது கீழ் துளையில இருந்து மேல ஏத்தணும், மேல் துளையில வழியுற வரைக்கும். மேல இருந்து ஊத்துனா நடுவுல காத்து நிக்கும்.

ஜிங்க் துண்டு (எஞ்சின் அரிக்காம தான் கரையுறது) பாதி கரைஞ்சிருந்தா மாத்துங்க. அதுமேல பெயின்ட் அடிக்கிறவங்க இருக்காங்க, அடிச்சா அது வேலையே செய்யாது.

---

வாடைக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. ஓ.டி. அண்ணே, நீங்கள் சொன்னபடி பார்த்தோம்: பெட்ரோலில் கோடு தெரிந்தது, துளையில் குளவிக்கூடு இருந்தது, கியர் ஆயில் சரியாகப் பால் காபி நிறம்! புரொப்பெல்லரைக் கழற்ற வேண்டுமா?

மற்றவர்களுக்கு: ஹோபியின் கம்பிகள், லைஃப் ஜாக்கெட், பாய்களில் கறுப்புப் புள்ளி. இவற்றைப் பற்றியும் சொல்லுங்கள்.

---

ஓ.டி.காரன்:

கழட்டுங்க. நட்டு, வாஷர் எல்லாம் எந்த வரிசையில வந்துச்சுன்னு போட்டோ எடுத்து வச்சுட்டு, ஷாஃப்ட்டைத் துடைச்சு வெளிச்சத்துல பாருங்க. புரொப்பெல்லருக்குப் பின்னால தூண்டில் நரம்போ வலை நூலோ இறுக்கிச் சுத்தியிருக்கும். பச்சை நரம்புன்னா ஷாஃப்ட் கிரீஸோட சேந்து கண்ணுக்கே படாது, நகத்தால சுரண்டுனாதான் தெரியும். சுத்தச் சுத்த சூடாகி சீலுக்குள்ள உருகி இறங்கும், சீல் உதட்டை அறுத்துடும், அது வழியா தண்ணி. நரம்பை எடுத்துட்டா மட்டும் போதாது, சீல் மாத்தி பிரஷர் டெஸ்ட் பண்ணணும். அது மெக்கானிக் வேலை, நாளைக்கே கொடுத்துடுங்க. பொங்கல் வாரத்துல யாரும் கிடைக்க மாட்டாங்க.

இனிமே மாசம் ஒரு தடவை புரொப்பெல்லரைக் கழட்டி ஷாஃப்ட்டுக்கு மெரைன் கிரீஸ் போடுங்க. ஓட்டுறவர் மணிக்கட்டுல கில் கார்டு (ஆள் விழுந்தா எஞ்சினை நிறுத்துற கயிறு) இல்லாம கியர் போடக் கூடாது.

---

அணியம்:

ஹோபி கம்பி: பக்கக் கம்பி இரண்டு, முன்கம்பி, டிரப்பீஸ் கம்பிகள் (ஓட்டுபவர் படகுக்கு வெளியே தொங்க உதவுபவை). பழைய காட்டன் துணியால் கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழ்வரை இழுங்கள். அறுந்த இழை ஒன்று இருந்தாலும் துணியில் மாட்டும் (வெறுங்கையால் செய்தால் கையில் மாட்டும்). ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் கம்பி மாற்ற வேண்டியதுதான். அழுத்தி முடித்த முனைக்குள் கம்பி நுழையும் இடத்தில் செந்துரு வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பி நடுவில் அறுவது குறைவு, பெரும்பாலும் அந்த வாயில்தான் அறுகிறது. உப்பு நீர் உள்ளே இறங்கி வெளியேற வழியில்லாமல் நிற்பதால் அப்படி. எத்தனை வருடக் கம்பி என்று யாருக்கும் நினைவில்லை என்றால் பார்க்கவே வேண்டாம், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஷேக்கிள் முள்களைச் சுற்றிய டேப்பையும் புதிதாகச் சுற்றுங்கள்.

லைஃப் ஜாக்கெட்: பெரியவர்களுக்கான பாய்ப்படகு ஜாக்கெட் 50 நியூட்டன் மிதப்பு தர வேண்டும், அதாவது சுமார் 5 கிலோ. 5 கிலோ எடைக்கல்லைக் கட்டிப் பார்த்துவிட்டு மிதக்கிறது என்று திருப்தி அடைபவர்கள் உண்டு. வார்ப்பிரும்புக் கல் தண்ணீருக்குள் தன் எடையில் ஏழில் ஒரு பங்கை இழந்துவிடும், 5 கிலோ கல் அங்கே 4.3 கிலோதான். ஆகவே 6 கிலோ கட்டி, பெரிய தொட்டியில் இறக்கி, ஃபோமைக் கசக்கிச் சிக்கிய காற்றை விட்டபின் பாருங்கள். முழுகினால் கத்தரித்துப் போடுங்கள், ஷெட் மூலையில் வைத்தால் கூட்டம் உள்ள நாளில் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள். சிறுவர் ஜாக்கெட்டுக்கு அளவு வேறு, உள்லேபிளில் இருக்கும் எடைக்கு ஏற்ப வையுங்கள்.

பாய்: கறுப்புப் புள்ளி பூஞ்சைதான். டேக்ரான் பாயை மென்மையான சோப்பில் அலசி, புள்ளியில் மட்டும் தண்ணீர் நிறைய கலந்த பிளீச்சைத் தடவிப் பத்து நிமிடத்தில் நல்ல நீரால் அலசுங்கள். கறை முழுதும் போகாது, போக வேண்டியதும் இல்லை, பாய் வேகம் குறையாது. நைலான் பாயில் பிளீச் கூடவே கூடாது. கொடியில் படபடக்க விட்டுக் காய வைக்காதீர்கள், படபடப்பு துணியைச் சீக்கிரம் தளர்த்தும். நிழலில் விரித்துக் காய வைத்துச் சுருட்டுங்கள். இது புதியவர்களுக்கு ஏற்ற வேலை.

ஆப்டிமிஸ்ட்டில் பலர் விடுவது மூன்று. மிதவைப் பை மூன்றையும் வெள்ளிக்கிழமை ஊதி ஞாயிறு அமுக்கிப் பார்ப்பது. பாயை மரத்தோடு கட்டும் கயிறுகளில் இடைவெளி 10 மி.மீ.க்கு மேல் போகாமல் கட்டுவது. கடைசியாக, பாய்மரம் குழியை விட்டு எழாமல் கீழே கட்டும் கயிறு. அது தளர்ந்திருந்தால் கவிழ்ந்ததும் மரம் குழியிலிருந்து பாதி எழுந்து, படகை நிமிர்த்தும்போது மரம் நிற்கும் குறுக்குப்பலகையை உடைத்துவிடும். இழுப்புக் கயிறு 8 மீட்டர், 5 மி.மீ.க்குக் குறையாமல், மிதக்கும் ரகம்.

பிளாக்குகளுக்கு (கயிறு ஓடும் கப்பிகள்) கிரீஸ் போட வேண்டாம். மணல் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் போல அரைக்கும். நல்ல தண்ணீரில் சுழற்றிக் கழுவினால் போதும்.

---

கொண்டல்:

‘நம் கரைக்கென்று’ என்ற கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

மழைக்குப் பிறகு ஆற்றுமுகத் திட்டு போன வருடம் இருந்த இடத்தில் இருக்காது. முதல் ஓட்டத்துக்கு முன் மீட்புப் படகில் போய் மீட்டருக்கு மீட்டர் வண்ணம் அடித்த மூங்கிலால் ஆழம் பாருங்கள். டேகர்போர்டு முழுக்க இறக்கினால் ஒரு மீட்டர் போலத் தண்ணீர் வேண்டும். ஆற்றுக்குள் கவிழ்த்து நிமிர்த்தும் பயிற்சி வைத்தால் பாய்மர உச்சியில் ஒரு மூடிய பிளாஸ்டிக் கேனைக் கட்டுங்கள். லேசர் தலைகீழானால் ஆறு மீட்டர் மரத்தின் நுனி சேற்றில் புதையும், அந்த நிலையில் டேகர்போர்டில் ஏறி நின்று நிமிர்த்தினால் மேல்மரம் வளையும்.

வற்றம் ஓடும் நேரத்தில் கடலிலிருந்து கிழக்குக் காற்று வந்தால், முகத்துவாரத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். ஆப்டிமிஸ்ட்டை அப்போது வெளியே விடாதீர்கள். ஏற்றத்தில் வெளியேறி, வற்றம் வலுக்கும் முன் திரும்புங்கள். தேங்காய்த்திட்டு துறைமுகத்து விசைப்படகுகளுக்கும் வழி அதுவே. அவர்களால் குறுகிய கால்வாயில் சட்டென்று திருப்ப முடியாது, பாய்க்கு முன்னுரிமை என்ற சட்டம் பேசிக்கொண்டு குறுக்கே போகக்கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் கால்வாய் காலியாக இருக்கும். புதியவர்களின் கடல் ஓட்டத்தை அதற்கு ஒதுக்கலாம், ஆனால் காலையில் மட்டும். மதியக் கடற்காற்று அந்த மாதங்களில் வலுவாக ஏறும்.

ஜனவரியில் நீரோட்டம் இன்னும் தெற்கு நோக்கி இருக்கலாம், பிப்ரவரிக்குப் பிறகு வடக்கே திரும்பும். காற்று விழுந்துவிட்டால் படகு எந்தப் பக்கம் நகரும் என்று தெரிந்தால்தான் மீட்புப் படகை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யலாம். படகுகள் ஓடும் பகுதிக்கு நீரோட்டம் போகும் பக்கத்தில் நிறுத்துங்கள். வடக்கே விட்டால் கடற்கரைச் சாலையின் கற்கள், தெற்கே விட்டால் வீராம்பட்டினம் கரையில் வலைகள். கரைவலை இழுக்கும் நேரத்தை வீராம்பட்டினம் ஊர்ப் பஞ்சாயத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கொடி கட்டிய மிதவை இரண்டு தெரிந்தால் நடுவில் வலை இருக்கிறது என்று பொருள், வெளிப்பக்கமாகச் சுற்றிப் போங்கள். மேலே பேசிய அந்த நரம்பும் இப்படித்தான் ஷாஃப்ட்டுக்கு வருகிறது.

கார்த்திகை முடிந்துவிட்டது, இனிப் புயல் வராது என்று இருந்துவிடாதீர்கள். தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30, கடலூருக்கும் நமக்கும் நடுவில். வானிலைத் துறை அறிவிப்பையும் இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) அலை முன்னறிவிப்பையும் முந்தின நாள் மாலையும் அன்று காலையும் பார்த்து, ஷெட் கரும்பலகையில் எழுதுங்கள். அதன் கீழே 1554 (கடலோரக் காவல்படை), 1093 (கடலோரப் போலீஸ்), வி.எச்.எஃப். சேனல் 16.

---

வாடைக்காற்று:

லோயர் யூனிட் (எஞ்சினின் கியரும் ஷாஃப்ட்டும் உள்ள கீழ்ப்பகுதி) இன்று காலை மெக்கானிக்கிடம் போய்விட்டது. ஷாஃப்ட்டில் பச்சை நரம்பு மூன்று சுற்று. லேசரின் குழியில் மட்டம் இறங்கவில்லை. பெய்லர் ஓரத்தில்தான் குமிழி. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. பெய்லரைக் கழற்றி மறுபடி வைக்க சாதாரண பாத்ரூம் சிலிக்கான் போதுமா?

---

அமரம்:

வேண்டாம். சிலிக்கான் ஃபைபரில் உரிந்து வரும், அதன் தடம் பட்ட இடத்தில் அடுத்த முறை எந்தப் பசையும் பிடிக்காது. மெரைன் பாலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள். பழையதைச் சுரண்டி அசிட்டோனால் துடைத்து, சீலன்ட் வைத்து ஸ்க்ரூவை முக்கால் இறுக்கத்தில் நிறுத்தி, மறுநாள் மீதியை இறுக்குங்கள். முதலிலேயே முழுக்க இறுக்கினால் பசை எல்லாம் வெளியே பிதுங்கி, நடுவில் ஒன்றும் மிஞ்சாது. ஃபேனை மட்டும் அதுவரை நிறுத்தாதீர்கள்.